வலிக்காத காலும் வலிக்கும் சொல்லும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. விலங்கியல் மாணவன், கருவேப்பிலங்குறிச்சி)

எங்கள் ஊராகிய கருவேப்பிலங்குறிச்சியில் "நரம்பு எங்கே இருக்கிறது?" என்று யாரைக் கேட்டாலும், முன்கையை நீட்டித் தோலுக்கு அடியில் பச்சையாக ஓடும் கோட்டைத் தொட்டுக் காட்டுவார்கள். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்தவர் "நரம்புல ஊசி போட்டாங்க" என்பார். பேருந்து நிலையச் சுவரொட்டிகளுக்கு 'நரம்புத் தளர்ச்சி' ஒன்றுதான் தெரியும். பழந்தமிழரோ யாழின் தந்தியையும் நரம்பு என்றே அழைத்தனர்.

கல்லூரிக்கு வரும்வரை நானும் அந்தப் பச்சைக் கோட்டைத்தான் நரம்பு என்று நம்பியிருந்தேன். அது சிரை, இரத்தம் இதயத்துக்குத் திரும்பும் குழாய். உண்மையான நரம்பு வெண்ணிறமானது. பெரும்பாலும் தசைகளுக்கு இடையே மறைந்து கிடப்பது. கண்ணுக்குத் தெரியாததாலோ என்னவோ, அது கெடுவதும் நமக்குத் தெரிவதில்லை. அந்த அறியாமைக்கு எங்கள் குடும்பம் ஒரு கால்விரலை விலையாகக் கொடுத்தது. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்தேன். எழுதலாமா என்று என் தந்தையாரிடம் முதலில் கேட்டேன். "எழுதுப்பா. படிக்கிற நாலு பேரு அவங்க அவங்க அப்பன் காலைப் பார்த்தா சரி" என்றார்.

சூடு அறியாத மனிதர்

என் தந்தையார் விருத்தாசலத்தில் பீங்கான் சூளை ஒன்றில் வேலை செய்பவர். பொம்மை, அகல் விளக்கு, கோப்பை என்று அச்சில் வார்த்த பொருள்கள் வெந்த பிறகு, சூளை ஆறுவதற்குள் அவற்றை வெளியே எடுக்க வேண்டும். அவசர ஆர்டர் என்றால் முழுவதும் ஆறும்வரை காத்திருக்க முடியாது. மற்றவர்கள் கதவு திறந்த சூளைக்குள் கால் வைத்ததும் துள்ளுவார்கள். அப்பா மட்டும் வீட்டுத் திண்ணையில் நடப்பதுபோல நிதானமாக நடப்பார். "தீமிதிக்கு இவரைத்தான்யா அனுப்பணும்" என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். பள்ளி விடுமுறையில் சோறு கொண்டுபோன நாட்களில் அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டிருக்கிறேன். "எங்கப்பாவுக்குச் சூடே தெரியாது" என்று நண்பர்களிடம் சொல்லியும் இருக்கிறேன்.

ஒரு நாள் மாலை வீட்டுத் தரையில் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக இருப்பதை என் தங்கை கண்டாள். புள்ளிகளைப் பின்தொடர்ந்து போனால் அவை அப்பாவின் கட்டிலில் முடிந்தன. உடைந்த பீங்கான் சில்லு ஒன்று ரப்பர் செருப்பின் அடியைத் துளைத்து, வலது காலின் சுண்டுவிரல் ஓரமாக ஏறியிருந்தது. காலையிலிருந்து அதன்மேலேயே நடந்திருக்கிறார். "வலிக்கவே இல்லையே!" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அம்மா மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனார்.

மூன்று வாரம் கழித்து அந்த விரல் கறுத்து நாற்றம் எடுத்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை நாளா கால் மரத்துப் போயிருக்கு ஐயா?" அப்பா சொன்ன பதில்: "மரத்தெல்லாம் போகலீங்க டாக்டரம்மா, வலிதான் இல்லீங்க."

மருத்துவர் ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்தார். அப்பாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, உள்ளங்காலில் அங்கங்கே அதை வளையும்வரை அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்டார். அவர் தொட்டபோது அப்பா பேசாமல் இருந்தார். தொடாதபோது "தெரியுதுங்க" என்றார். அருகில் நின்ற எனக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. இரத்தத்தில் சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. விரலை எடுத்துவிட்டார்கள்.

பின்னொரு நாள் பேச்சுவாக்கில் அப்பா சொன்னார்: "அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி நானும் சூளையில துள்ளுனவன்தான்." நாங்கள் வீரம் என்று கொண்டாடியது நோய் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

செய்தி போகும் வழி

நண்பர்களே, நரம்பு என்பது என்ன? ஒரு நரம்பை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் கட்டுக்கட்டாகத் தெரியும். ஒவ்வோர் இழையும் ஒரு நரம்புச் செல்லின் நீண்ட வால். கால் கட்டைவிரல் நுனியின் உணர்ச்சியைச் சுமக்கும் செல்லின் உடல் கீழ்முதுகில் தண்டுவடத்தை ஒட்டி இருக்கிறது. அதன் இழையோ ஏறத்தாழ 1 மீட்டர் நீளம் ஓடி விரலுக்கு வருகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய ஒரே செல்லுக்கு ஒரு மீட்டர் நீளம்!

இவ்விழையில் ஓடுவது என்ன என்பதை அறிய மனிதகுலம் நெடுங்காலம் பாடுபட்டது. இத்தாலியரான கால்வானி தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதை ஆராய்ந்து 1791இல் வெளியிட்டார். ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளை நரம்பில் செய்தி செல்லும் வேகத்தையே அளந்துவிட்டார்: வினாடிக்குச் சுமார் 27 மீட்டர். நம் விருத்தாசலம் சந்திப்பில் நிற்காமல் ஓடும் விரைவு வண்டியின் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பியில் பாயும் மின்சாரம் இதைவிடப் பன்மடங்கு வேகமானது. எனவே நரம்பு வெறும் கம்பி அன்று என்பது அப்போதே தெளிவாயிற்று.

இங்கிலாந்தில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவர் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையைக் கொண்டு இப்புதிரை விடுவித்து 1952இல் எழுதினர்; 1963இல் நோபல் பரிசும் பெற்றனர். ஓய்வில் இருக்கும் இழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கிறது. வெளியே சோடியம் மிகுதி; உள்ளே பொட்டாசியம் மிகுதி. தூண்டுதல் வந்ததும் இழையின் சுவரில் உள்ள சிறு வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது. அடுத்த கணம் பொட்டாசியம் வெளியேறுகிறது. பழைய நிலை திரும்புகிறது. ஓரிடத்தில் நிகழும் இம்மாற்றம் பக்கத்து இடத்தைத் தூண்ட, அது அதற்கடுத்த இடத்தைத் தூண்டுகிறது. தீயணைக்க ஊரார் வரிசையாக நின்று கைக்குக் கை குடம் மாற்றுவதைப் போன்றது இது.

தடித்த இழைகளைச் சுற்றி ஷ்வான் செல்கள் கொழுப்புப் பொருளால் உறை போர்த்தியிருக்கின்றன. மின்கம்பத்தில் பீங்கான் மின்காப்பு செய்யும் வேலையை இவ்வுறை செய்கிறது. உறையுள்ள தடித்த இழையில் செய்தி வினாடிக்கு 100 மீட்டருக்கு மேலும் பாயும். உறையில்லாத மெல்லிய இழையில் 1 மீட்டர் அளவே ஊரும். கால்விரலை வாசற்படியில் இடித்துக்கொண்டால் முதலில் சுரீர் என்றும், சற்றுப் பொறுத்து விண்விண்ணென்றும் வலிக்கிறதன்றோ? சுரீர் வலியைச் சுமப்பது மெல்லிய உறையுள்ள இழை. விண்விண் வலியைச் சுமப்பது உறையற்ற இழை.

சூடான பொருளைத் தொட்டவுடன் நாம் 'சுடுகிறது' என்று உணர்வதற்கு முன்பே கை விலகிவிடுகிறது. செய்தி தண்டுவடத்தை எட்டியதும் அங்கிருந்தே தசைக்குக் கட்டளை போய்விடுகிறது. மூளைக்குச் செய்தி பிறகுதான் போகிறது. இத்தகைய காவலன் ஒருவன் நம் உடம்பின் ஒவ்வோர் அங்குலத்திலும் இரவு பகலாக விழித்திருக்கிறான். அவனுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் வலி. அவனைத்தான் நாம் வேண்டாம் வேண்டாம் என்று சபிக்கிறோம்.

கால் ஏன் முதலில் கெடுகிறது?

சர்க்கரை நோய் இக்காவலனை எவ்வாறு கொல்கிறது? இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை ஆண்டுக்கணக்கில் நிற்கும்போது நரம்பிழையும் கெடுகிறது. அதற்கு உணவும் உயிர்வளியும் கொண்டுவரும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. நீளமான இழைகளே முதலில் நலிகின்றன. ஆகவே கால்விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்டதுபோல் மரப்பு மேலேறுகிறது. கைக்கு அது பிறகே வருகிறது.

சிலருக்கு எரிச்சலும் ஊசி குத்துவதுபோன்ற வலியும் முதலில் வரும். என் தந்தையாரைப் போன்ற சிலருக்கு ஒன்றுமே தெரியாமல் உணர்ச்சி மட்டும் கழன்றுபோகும். உணர்ச்சி நரம்போடு வியர்வை நரம்பும் கெடுவதால் தோல் வறண்டு வெடிக்கும். வெடிப்பின் வழியே கிருமி புகும். பாதத்தின் சிறு தசைகளை இயக்கும் நரம்பும் கெடுவதால் விரல்கள் வளைந்து, பளு முழுவதும் ஓரிரு இடங்களிலேயே விழும். அங்கே புண் வரும். வலிக்காததால் அந்தப் புண்ணின் மேலேயே மனிதன் நடப்பான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்குப்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர். இது பணக்காரர் நோய் என்ற பேச்சு இனி எடுபடாது. சூளையிலும் கரும்புக் கொல்லையிலும் செருப்பில்லாமல் நடப்பவர்களுக்கும் அது வந்துவிட்டது. அவர்களுக்கு அது இருமடங்கு ஆபத்தானது.

அறுந்த நரம்பு மீண்டும் வளருமா என்று கேட்கலாம். கை கால்களில் ஓடும் நரம்பு, பாதை சிதையாமல் இருந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும். இடுப்பருகே அறுந்த இழை பாதத்தை எட்ட இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். மூளை, தண்டுவடத்தின் இழைகளோ அறுந்தால் அவ்வாறு வளர்ந்து சேர்வதில்லை. சர்க்கரையால் ஆண்டுக்கணக்கில் நைந்துபோன நரம்பு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. மேலும் கெடாமல் தடுக்கலாம். எனவே வருமுன் காத்தலே வழி.

செங்கற்பட்டில் கற்ற பாடம்

மரத்துப்போன உறுப்பை எவ்வாறு காப்பது என்ற பாடத்தை உலகுக்குக் கற்றுக்கொடுத்ததில் நம் தமிழ்நாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. இதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பால் பிராண்ட் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே ராபர்ட் காக்ரேன் என்னும் மருத்துவர் இருந்தார். விரல்கள் மடங்கிக் கிடந்த நோயாளி ஒருவரிடம் தம் கையைப் பற்றி அழுத்தச் சொன்னார் பிராண்ட். சூம்பிப்போன கைதானே என்று எண்ணியவருக்கு, அந்தப் பிடியின் இறுக்கத்தில் கை நொந்துவிட்டது. கையில் நல்ல தசைகளும் இருக்கின்றன; தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதுதான் அந்த மனிதருக்குத் தெரியவில்லை. பிராண்டின் வாழ்க்கை அந்தக் கைப்பிடியில் திசை மாறியது.

தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி விழுகின்றன என்றே அதுவரை உலகம் நம்பியது. பிராண்டும் அவருடைய குழுவினரும் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினர். ஒருவர் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கியிருப்பார். ஒருவர் ஆணி துருத்திய சுத்தியலை நாளெல்லாம் பிடித்திருப்பார். இரவில் உறங்கும்போது எலி கடித்த விரல்களும் உண்டு. அடிபடாமல் காத்து வைத்தால் அந்தத் தசை மற்றவர்களுடையதைப் போலவே ஆறியது. விரலைத் தின்றது நோய்க்கிருமி அன்று, வலியின்மையே.

தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873இல் கண்டுபிடித்தார். அது குடியேறும் இடம், முன்னே சொன்ன ஷ்வான் செல். உடம்பின் குளிர்ந்த பகுதிகளையே அது விரும்புகிறது. ஆகவே முழங்கைக்குப் பின்னால், முழங்காலுக்கு வெளிப்புறம், முகம் எனத் தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகள் அதற்கு இலக்காகின்றன. முழங்கையை இடித்தால் சுண்டுவிரல்வரை 'ஜிவ்' என்று ஏறுகிறதே, அந்த நரம்புதான் முதலில் அடிபடுபவற்றுள் ஒன்று.

பிராண்ட் வேலை செய்யும் தசையின் நாணை மாற்றிக் கட்டி மடங்கிய கைகளை நிமிர்த்தினார். அப்பணியில் அவருடன் நின்றவர்களுள் மேரி வர்கீஸ் என்ற மருத்துவரும் ஒருவர். 1954இல் நேர்ந்த கார் விபத்தில் தண்டுவடம் சிதைந்து இடுப்புக்குக் கீழே உணர்வையும் அசைவையும் இழந்தவர் அவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கினார். 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தம் நரம்பு திரும்பாது என்று அறிந்தும் பிறர் கையைத் திருத்தியவரை என்னவென்று போற்றுவது!

புண் ஆற, காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் பளுவைப் பரப்புவதும், மெத்தென்ற ரப்பர் அடித்தட்டுச் செருப்பு தைப்பதும் வேலூரிலும் கரிகிரியிலும் தொழுநோயாளருக்காகச் செம்மைப்படுத்தப்பட்ட முறைகள். பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபோது அவற்றையும் உடன் கொண்டு சென்றார். அங்கே சர்க்கரை நோயாளரின் பாதங்களைக் கண்டு, இதுவும் அதே வலியின்மைதான் என்று உணர்ந்தார். தொழுநோயாளரின் செருப்பு சர்க்கரை நோயாளரின் செருப்பாயிற்று. இன்று என் தந்தையார் அணியும் மெத்தென்ற செருப்பின் வரலாறு இதுதான்.

'நல்லவேளை' என்ற சொல்

இனி நான் சொல்லப்போவது எனக்கே வெட்கம் தருவது. ஆயினும் சொல்ல வேண்டும்.

அப்பாவின் காலில் கட்டுப் போட்டிருந்த நாட்களில் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. தேநீர்க் கடையில் எல்லோருக்கும் கண்ணாடித் தம்ளர்; அப்பாவுக்கு மட்டும் காகிதக் குவளை வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் ஒன்றும் கேட்கவில்லை. குடித்துவிட்டுக் குவளையைக் கசக்கிப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

மருத்துவமனையில் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டது ஒரே கேள்வி: "அந்த நோய் இல்லீங்களே?" "இல்லை அம்மா, சர்க்கரைதான்" என்றார் மருத்துவர். அம்மா கைகூப்பி "நல்லவேளை!" என்றாள். நானும் அதையே நினைத்தேன். விரல் போன துயரத்தைவிட அந்த நிம்மதி பெரிதாக இருந்தது. ஊருக்கு வந்ததும் நேரே தேநீர்க் கடைக்குப் போய் எல்லோர் காதிலும் விழும்படி, "எங்கப்பாவுக்கு வெறும் சர்க்கரைதான். அந்த நோயெல்லாம் இல்லை" என்றேன். மறுநாள் கண்ணாடித் தம்ளர் திரும்பி வந்தது. நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

அந்தக் கடையின் வெளியே, சொந்தமாகக் கொண்டுவரும் அலுமினியத் தம்ளரில் தேநீர் வாங்கி நின்றபடி குடிக்கும் முதியவர் ஒருவர் உண்டு. விரல்கள் மடங்கியவர். நான் சிறுவனாக இருந்தபோதிருந்தே அவர் அங்கேதான் நிற்கிறார். நோய் தீர்ந்து பல ஆண்டுகள் ஆயின. நான் உரக்கச் சொன்னபோது அவரும் அங்கேதான் நின்றார். என் சொல் அவர் காதில் விழுந்தது. அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் அவரே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். திண்ணையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அப்பாவிடம் சொன்னார்: "தம்பி, செருப்பைப் போடறதுக்கு முன்னாடி உள்ளே கையை விட்டுத் தடவிப் பாரு. உனக்குக் கையில உணர்வு இருக்குது. எனக்குக் கையிலயும் இல்ல, கண்ணாலதான் பார்க்கணும். ராத்திரி படுக்கும்போது காலைத் தூக்கி அடியைப் பாரு. கண்ணாடி வெச்சிப் பாரு. சிவந்திருந்தா மறுநாள் நடக்காத." முப்பது ஆண்டுக்கு முன்பு தொழுநோய் மருத்துவமனையில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடமாம் அது. பிராண்ட் கடல் கடந்து கொண்டுபோன அதே பாடம், எங்கள் தெருவின் கோடியிலிருந்து எங்கள் வாசலுக்கு நடந்து வந்தது. அன்று அம்மா அவருக்குக் காபி கொடுத்தாள், எங்கள் வீட்டுத் தம்ளரில். சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

'நல்லவேளை' என்ற என் சொல்லை அன்றிலிருந்து எண்ணிப் பார்க்கிறேன். தொழுநோய் எளிதில் தொற்றுவதன்று. மக்களுள் மிகப் பெரும்பாலோருக்கு அதை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையாகவே உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்தை ஆறு மாதமோ ஓராண்டோ உண்டால் நோய் தீரும். மருந்து இலவசம். உண்ணத் தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குப் பரவுவதும் நின்றுவிடும். நரம்பு கெட்டு ஆறு மாதத்துக்குள் வந்தால் பலருக்கு அதையும் மருந்தால் மீட்கலாம்.

அப்படியிருந்தும் 2023இல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 1,80,000 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். தேசிய அளவில் இந்நோய் ஒழிந்தது என்று 2005இல் நாம் அறிவித்தோம். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பதே அதன் பொருள். நோயாளரை ஒதுக்கி வைக்க 1898இல் வெள்ளையர் இயற்றிய சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கோரலாம் என்ற விதிகள் 2019இல்தான் நீங்கின. சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கிவிட்டது. தேநீர்க் கடையிலிருந்து நீங்கவில்லை.

தோலில் உணர்ச்சியற்ற தேமல் கண்ட ஒருவன் ஏன் மருத்துவரிடம் போகாமல் சட்டைக்குள் மறைக்கிறான்? காகிதக் குவளைக்கு அஞ்சித்தான். அவன் மறைக்கும் ஒவ்வொரு மாதமும் அவன் நரம்பு சாகிறது. எனவே நான் துணிந்து சொல்வேன்: கிருமி பாதி நரம்பைக் கெடுக்கிறதென்றால், 'நல்லவேளை' என்று சொல்லும் நம் நாக்கு மறுபாதியைக் கெடுக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

'உழைப்பாளிக்குக் கையும் காலும் காய்த்துப் போகத்தான் செய்யும். ஒவ்வொரு முள்ளுக்கும் துடித்தால் வேலை நடக்குமா?' என்று சிலர் கேட்பர். காய்ப்பு வேறு, நரம்பு கெடுவது வேறு. காய்த்த தோலுக்கு அடியிலும் அழுத்தம் தெரியும். ஆழமாக முள் குத்தினால் வலிக்கும். ஒன்றுமே தெரியாத கால் உழைப்பின் அடையாளம் அன்று. அதைப் புகழ்ந்து பேசுவதை நாம் நிறுத்த வேண்டும்.

நம் கல்லூரியில் ஆண்டுதோறும் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடத்துகிறோம். தெருவைக் கூட்டுகிறோம், மரக்கன்று நடுகிறோம். நல்லதுதான். இனி ஒருநாள் மாலையை மக்களின் பாதங்களுக்காக ஒதுக்குவோம். ஆரம்ப சுகாதார நிலையத்தாரின் துணையோடு, சர்க்கரை உள்ளவர்களின் உள்ளங்காலை நைலான் இழையால் சோதிக்கலாம். உணர்ச்சியற்ற தேமல் உண்டா என்றும் பார்க்கலாம். இரண்டையும் ஒரே வரிசையில், ஒரே பெஞ்சில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். தனி வரிசை வைத்தால் யாரும் வரமாட்டார்கள்.

உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டிலும் வெறுங்காலோடு நடக்கலாகாது. குளிக்கும் வெந்நீரின் சூட்டைப் பாதத்தால் பார்க்காமல் முழங்கையால் பார்க்க வேண்டும். அதுவும் ஐயமானால் வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லலாம். சித்திரை வெயிலில் உச்சிவேளையில் விருத்தகிரீசுவரர் கோயில் பிராகாரத்தைச் சுற்றாமல் விடியற்காலையில் சுற்றலாம், புண்ணியம் குறையாது. சூளை வைத்திருக்கும் முதலாளிகள் தொழிலாளருக்கு நல்ல காலணி வாங்கித் தருவதை ஒரு செலவாகக் கருதலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் படித்த பிள்ளை ஒருவர் வாரம் ஒருமுறையேனும் பெற்றோரின் பாதத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நரம்பிழையின் மின்னழுத்தத்தைத் தேர்வில் எழுதிப் பத்துக்கு எட்டு மதிப்பெண் வாங்கியவன். அதே மாதத்தில் என் தந்தையின் காலில் பீங்கான் சில்லு ஏறியதைப் பார்த்துச் சிரித்தவனும் நானே. படிப்பு வகுப்பறையில் இருந்தது. கால் வீட்டில் இருந்தது. இரண்டுக்கும் இடையே ஓடவேண்டிய செய்தி எனக்குள் ஓடவில்லை.

இப்போது ஒவ்வொரு ஞாயிறு இரவும் அப்பா கட்டிலில் காலை நீட்டுகிறார். நான் கைவிளக்கைப் பிடித்துப் பார்க்கிறேன். தேநீர்க் கடையில் அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க ஒரு மாதம் ஆயிற்று எனக்கு. "அதுக்கென்ன தம்பி, உன் காலையும் பார்த்துக்க" என்றார். நேற்று வரையில் அவர் கடைக்கு வெளியேதான் நிற்கிறார். அவரை உள்ளே அழைத்து, என் பக்கத்தில் உட்காரவைத்து, அதே கண்ணாடித் தம்ளரில் தேநீர் வாங்கித் தருவது இந்த விடுமுறையில் நான் செய்ய வேண்டிய வேலை. கடைக்காரர் மறுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதை இக்கட்டுரை எழுதி முடிப்பதற்குள் தெரிந்துகொண்டேன்.

நண்பர்களே, நீங்களும் உங்கள் ஊர்க் கடையில் வெளியே நிற்பவர் யார் என்று ஒருமுறை பாருங்கள்.